ரசிகமணியும் நம்ம இங்கிலீஷ் படிப்பும்

குற்றாலம் என்றாலே பேரருவியும், ஐந்தருவியும், தென்காசி ரோட்டில் வரும்போதே முகத்தில் அடிக்கிற சாரலும்தான் நம் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வரும். எழுபது, எண்பது வருஷத்துக்கு முன்னால் சீசனுக்கு வந்தவர்களில் சிலருக்கு அருவி இரண்டாம் பட்சம்தான். காலையில் குளித்துவிட்டு நேரே ஒரு வீட்டுக்குப் போவார்கள். ராஜாஜி போயிருக்கிறார், கல்கி போயிருக்கிறார். அங்கே நல்ல சாப்பாடு உண்டு, அதைவிட நல்ல பேச்சு உண்டு. பேச்சு கம்பனில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டுக் கம்பனிடமே திரும்பி வரும். அந்த வீட்டுக்காரர்தான் டி.கே.சி. என்று தமிழ்நாடு முழுக்க அறிந்திருந்த ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார்.

அவரைக் கம்பனோடு சேர்த்துத்தான் எல்லா மலர்களிலும் எழுதுவது வழக்கம். அது சரிதான். ஆனால் கல்லூரியில் படித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் வாசிக்கப் போகிற இந்த மலரில் அவருடைய இன்னொரு பக்கத்தைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பி.ஏ., பி.எல். படித்தவர், ஆங்கில இலக்கியத்தில் தோய்ந்தவர், அப்படிப்பட்டவர் நம் பிள்ளைகளுக்குப் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தக் கூடாது என்று வாழ்நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் நடத்தியே சம்பளம் வாங்கியவன் நான். அதனாலேயே எனக்கு இந்த விஷயம் கொஞ்சம் சுருக்கென்று படும்.

டி.கே.சி.யின் குடும்பம் தென்காசிக் குடும்பம். 1882-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தார். அதே வருஷம் டிசம்பரில் எட்டயபுரத்தில் பாரதி பிறந்தார். இரண்டு பேரும் பழைய திருநெல்வேலிச் சீமைப் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே மாதிரிப் படிப்பு. மெக்காலேயின் 1835 குறிப்பிலிருந்து முளைத்து, 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு மெட்ரிகுலேஷன் பரீட்சை என்ற வாசல்படியோடு நிலைத்துப் போன படிப்பு அது. சரித்திரம் இங்கிலீஷில், பூகோளம் இங்கிலீஷில், கணக்கும் இங்கிலீஷில். தமிழ் ஒரு ஓரத்தில், பண்டிதர் வந்து போகிற ஒரு மணி நேரம். பாரதி திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த நாட்களைப் பின்னால் தன் சுயசரிதைப் பாட்டில் எவ்வளவு கசந்து எழுதினார் என்பது தெரிந்ததுதான். டி.கே.சி. கசந்து எழுதுகிற ரகம் இல்லை, சிரித்துக்கொண்டே சொல்லுவார். ஆனால் அவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே விஷயந்தான்.

மேல்படிப்புக்குச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. வில்லியம் மில்லர் முதல்வராயிருந்த காலம் அது. ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றி மில்லர் புத்தகங்களே எழுதியிருக்கிறார். ஆங்கில இலக்கியத்தின் சுவை டி.கே.சி.க்கு அங்கேதான் நன்றாக ஏறியிருக்க வேண்டும். பிறகு சட்டமும் படித்தார். திருநெல்வேலியில் வக்கீல் என்று பெயர்ப்பலகை மாட்டினார். தொழிலில் மனசு ஒட்டவில்லை. 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டசபையில் அங்கத்தினர். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையக் கமிஷனர். இந்தப் பதவிகளெல்லாம் அவருடைய வாழ்க்கையில் ரயில் நிற்கிற சின்ன ஸ்டேஷன்கள் மாதிரி.

பெரிய ஜங்ஷன் எது என்றால் வண்ணாரப்பேட்டையில் அவர் இருந்த வீட்டின் முற்றம். வட்டமாகக் கட்டிய தொட்டி. வட்டத்தொட்டி என்ற பேரே ஒரு இலக்கியக் கழகத்தின் பேராக ஆகிவிட்டது. மெம்பர் சந்தா கிடையாது, தலைவர் கிடையாது, தீர்மானம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் வந்து உட்காருவார்கள். பிறகு டி.கே.சி. குற்றாலத்துக்கே வந்து தங்கிவிட்டபோது வட்டத்தொட்டியும் கூடவே வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வாத்தியார்களாகிய நமக்கு அதில் சரக்கு இருக்கிறது. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். கம்பராமாயணமாயிருக்கலாம், முத்தொள்ளாயிரமாயிருக்கலாம், பக்கத்து மேலகரத்துக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியாகவும் இருக்கலாம். நம்மில் பலர் பாட்டு நடத்துகிறபோது செய்கிற மாதிரி முதலில் பதம் பிரித்து, அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்டு, இலக்கணக் குறிப்பு கொடுப்பதெல்லாம் அவரிடம் கிடையாது. யார் பேசுகிறார்கள், யாரிடம், எந்தச் சமயத்தில், மனசு அப்போது எந்த நிலையில் என்று கதையை முதலில் கட்டுவார். கேட்கிறவனுக்கே அந்த இடத்தில் அடுத்தது என்ன சொல்லத் தோன்றும் என்கிற வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவார். பிறகுதான் பாட்டு. அதையும் மெதுவாக, எங்கே மூச்சு நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்தி, தாளம் காதில் விழும்படி சொல்லுவார். திரும்பச் சொல்லுவார். மூன்றாம் தடவை, நாலாம் தடவை. கடைசியில் அகராதியே வேண்டியிருக்காது. வார்த்தைகளின் அர்த்தம் சந்தர்ப்பத்திலிருந்தே வந்து ஒட்டிக்கொள்ளும். கேட்டவன் வீட்டுக்குப் போகிறபோது அந்தப் பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். மனப்பாடம் பண்ணியதாக அவனுக்கே தெரியாது!

இந்த அனுபவத்தை வைத்துத்தான் அவர் கல்வியையும் அளந்தார். உணர்ச்சி இல்லாமல் பாஷை இல்லை. பாஷை புரியாமல் அறிவு இல்லை. ஒரு பையனுக்கு வெயில், மழை, பசி, அம்மா எல்லாம் தமிழில்தான் தெரியும். அவனை உட்காரவைத்து மழை எப்படி உண்டாகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னால் அவன் மழையை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறான். பரீட்சையில் வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கிறான். மார்க் வந்துவிடுகிறது. வாசலில் பெய்கிற மழைக்கும் அவன் எழுதின விடைக்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறது. டி.கே.சி.யின் குறை இதுதான். ஆங்கிலம் கெட்ட பாஷை என்று அவர் சொன்னதில்லை. நல்ல கவிதை எந்தப் பாஷையிலிருந்தாலும் அவருக்குச் சொந்தம்தான். ஷேக்ஸ்பியரை வைத்துக் கம்பனையும் கம்பனை வைத்து ஷேக்ஸ்பியரையும் ரசித்தவர் அவர். ஆங்கிலத்தை ஒரு பாஷையாகக் கற்றுக்கொள்வது ஒன்று, மற்ற எல்லாப் படிப்பையும் ஆங்கிலத்துக்குள் அடைத்துக் கொடுப்பது வேறு. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை இன்றைக்கும் பல கல்வி நிர்வாகங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

தமிழிசை விஷயத்திலும் இதே நியாயத்தைத்தான் அவர் பேசினார். 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உண்டானபோதும் ராஜா சர் அண்ணாமலை செட்டியார், ராஜாஜி, கல்கி ஆகியோரோடு தோள் கொடுத்து நின்றவர்களில் டி.கே.சி. முக்கியமானவர். தெலுங்குக் கீர்த்தனைகளின் மேல் அவருக்குப் பகை இல்லை. அர்த்தம் தெரியாமல் தலையாட்டுகிற சபையைப் பார்த்துத்தான் அவருக்கு வருத்தம். கச்சேரியில் தலையாட்டுவதும் வகுப்பில் தலையாட்டுவதும் ஒரே வியாதி அல்லவா? வகுப்பில், புரிந்ததா என்று கேட்டால் ஐம்பது தலையும் ஆடும். நாம் எல்லாரும் ஆட்டியவர்கள்தான்.

பண்டிதர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலம் படித்தவன் தமிழை மறந்தான் என்றால், தமிழ் படித்தவர் தமிழை மறைத்தார் என்பது அவருடைய எண்ணம். தெருவில் பேசுகிற தமிழுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கடின நடையை உண்டாக்கி, அதுதான் தமிழ் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தினால் அதுவும் இன்னொரு அந்நிய பாஷைதானே? இதனால் இரண்டு பக்கத்திலும் அவருக்கு எதிரிகள் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் அவர் தனியாகவும் இல்லை. வங்காளத்தில் தாகூர் 1892-லேயே தாய்மொழிக் கல்விக்காகக் கட்டுரை எழுதினார். 1916-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத் திறப்பு விழாவில், சொந்த நாட்டு ஜனங்களிடம் அந்நிய பாஷையில் பேச வேண்டியிருக்கிறதே என்று காந்திஜி அந்த அந்நிய பாஷையிலேயே வெட்கப்பட்டார். ராஜாஜி சேலத்தில் இருந்த நாளிலேயே விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொற்கள் உண்டாக்கும் வேலையில் இறங்கியவர். பின்னால் ரசாயனத்தையே திண்ணைப் பேச்சாக எழுதிக் காட்டினார். 1930களின் இறுதியில் அவர் மந்திரிசபை நடத்திய காலத்தில்தான் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியில் பாடம் நடத்துவது வேகம் பிடித்தது. குற்றாலத்தில் ராஜாஜியும் டி.கே.சி.யும் உட்கார்ந்து பேசியதில் இந்தப் பேச்சும் இல்லாமலா இருந்திருக்கும்!

டி.கே.சி. காலமாவதற்கு முந்தின வருஷம், 1953-ல், யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகம் முழுவதுக்குமாக ஒரு அறிக்கை வெளியிட்டது. ஒரு குழந்தைக்குக் கற்பிக்க மிகச் சிறந்த பாஷை அதன் தாய்மொழிதான் என்று நிபுணர்கள் அதில் தீர்மானமாகச் சொன்னார்கள். நம்மைப்போலச் சுதந்திரம் அடைந்த நாடுகள் அதைக் கேட்டனவா என்றால், கேட்டன, மறந்தன, மறுபடியும் கேட்டன. தான்சானியாவில் 1967-க்குப் பிறகு ஆரம்பப் பள்ளியெல்லாம் சுவாஹிலி, மேலே போனதும் ஆங்கிலம். அங்கே உயர்நிலை வகுப்பில் பிள்ளைகள் வாயடைத்து உட்காருவதையும், வாத்தியார் சத்தமில்லாமல் சுவாஹிலிக்குத் தாவி விளக்குவதையும் ஆராய்ச்சிக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மலேசியா 2003-ல் கணக்கையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. 2009-ல் அது சரிப்படவில்லை என்று திரும்ப முடிவெடுத்தது. ருவாண்டா 2008-ல் பிரெஞ்சை விட்டு ஒரேயடியாக ஆங்கிலத்துக்குத் தாவியது. வாத்தியார்களுக்கே ஆங்கிலம் வராத நிலையில் பாடம் நடந்தது. நம் தமிழ்நாட்டில் 2010-ல் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை என்று சட்டம் வந்தது. இரண்டே வருஷத்தில், 2012-ல், அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகள் பெருக ஆரம்பித்தன. வலது கையும் இடது கையும் தனித்தனியாக வேலை செய்திருக்கின்றன.

ஏன் இப்படி? இங்கேதான் டி.கே.சி.யோடு எனக்குச் சின்னச் சண்டை. தாய்மொழியில் படி என்று அவர் சொன்னபோது அவர் கையில் ஏற்கெனவே இரண்டு ஆங்கிலப் பட்டங்கள் இருந்தன. சட்டசபைக்குப் போக, கமிஷனராக, பெரிய மனிதர்களோடு சமமாக உட்கார அந்த ஆங்கிலம் அவருக்கு உதவியது. கடையநல்லூரிலோ ஆலங்குளத்திலோ பீடி சுற்றி, கூலி வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிற தாய்க்கு அந்த வசதி கிடையாது. ஆங்கிலம் என்ற கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பது அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறாள் என்றால் அதை அறியாமை என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது. ஜாதியின் பெயரால் பள்ளி வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கு ஆங்கிலம் ஒரு ஏணியாக இருந்திருக்கிறது. ரசிகமணியின் பேச்சில் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். தன் ரசனையின் மேல் அவருக்கு அபாரமான நம்பிக்கை. கம்பன் பாட்டில் தனக்கு ஒட்டாததை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், சில இடங்களில் வார்த்தைகளையே மாற்றினார். சுவடிகளைப் பார்த்துப் பதிப்பிக்கிறவர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியாது. ரசிகனுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கலாம், பதிப்பாசிரியனுக்கு இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், அந்தத் தாய் கேட்கிற ஆங்கிலம் அவள் பிள்ளைக்கு உண்மையில் கிடைக்கிறதா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பையன், தன் பேரையும் ஊரையும் தவிர மூன்றாவது வாக்கியம் பேசத் தயங்குகிறான். கைடிலிருந்து கட்டுரையை ஒப்பிப்பான். அதே கட்டுரையில் நடுவில் ஒரு கேள்வி கேட்டால் முழிப்பான். ஆங்கிலத்தின் வழியாகப் படித்தும் ஆங்கிலம் வரவில்லை, பாடமும் வரவில்லை, கூடவே தமிழில் நாலு வரி தப்பில்லாமல் எழுதவும் வரவில்லை. டி.கே.சி. எதைக் கண்டு பயந்தாரோ அதுதான் இது. பணமும் படித்த பெற்றோரும் உள்ள வீட்டில் இந்த ஓட்டை தெரியாது, வீட்டிலேயே அடைத்துவிடுவார்கள். பீடிக் கடைக்கும் வயலுக்கும் போகிற வீட்டில்தான் தெரிகிறது.

ஆங்கிலம் கற்பிக்கிற முறையைப் பற்றி ஆராய்ந்தவர்களும் சுற்றிச் சுற்றி வட்டத்தொட்டிப் பக்கம்தான் வந்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை. டாக்காவில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் 1926-ல் வங்காளப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். இலக்கணத்தைப் போட்டு உருட்டாமல், சுவையான கதைகளை எளிய வார்த்தைகளில் வாசிக்கக் கொடுங்கள் என்பது அவர் வழி. 1979-லிருந்து 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில் என்.எஸ்.பிரபு ஒரு சோதனை நடத்தினார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த ரயில் தவறினால் அடுத்தது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பிள்ளைகளின் கவனம் பூராவும் விஷயத்தில் இருந்தது. பாஷை பின்னாலேயே வந்தது. முதலில் சந்தர்ப்பம், பிறகு வார்த்தை. வண்ணாரப்பேட்டை முற்றத்தில் கம்பனுக்கு நடந்ததும் இதுதான். ஆங்கில வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் அபராதம் போடுகிற பள்ளிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வட்டத்தொட்டிக்கு வந்து போனவர்களைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். அ.சீனிவாச ராகவன் ஆங்கிலப் பேராசிரியர், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதல்வர். அவருக்கு 1968-ல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது தமிழ்க் கவிதைக்காக. மீ.ப.சோமு தன் இங்கிலாந்துப் பயணத்தை ‘அக்கரைச் சீமையிலே’ என்று தமிழில் எழுதி 1962-ல் அதே பரிசை வாங்கினார். பாஸ்கரத் தொண்டைமான் கலெக்டர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கோயில் கோயிலாகப் போய் எழுதினார். கரிசல் காட்டு சம்சாரியான கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பே தாண்டாதவர். பள்ளிக்கு மழைக்கு ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் பார்த்தேன் என்ற பொருளில் வேடிக்கையாகச் சொல்லுவார். டி.கே.சி.யைத் தன் ஆசான்களில் ஒருவராக நினைத்த அவர் பின்னாளில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். கலெக்டரும் சம்சாரியும் ஒரே பாட்டைக் கேட்டு ஒரே இடத்தில் ஆஹா என்றார்கள். எந்தக் கல்லூரியும் அந்த வகுப்பை இன்னும் நடத்திக் காட்டவில்லை.

1954 பிப்ரவரி 16-ஆம் தேதி டி.கே.சி. காலமானார். அவரிடம் கம்பனைக் கேட்டு வளர்ந்த வக்கீல் எஸ்.மகராஜன் பின்னால் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் மாக்பெத்தையும் லியர் மன்னனையும் தமிழில் கொண்டுவந்தது அவர்தான். 1972-ல் சாகித்திய அக்காதெமிக்காக, தமிழ் தெரியாத மற்ற மாநிலத்தாருக்குக் கம்பன் யார் என்று சொல்லும் ஒரு சிறு புத்தகத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.